வளையம் போடாத கால்

பிள்ளையள், மெசினைப் பற்றி நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லித் தரப்போறதில்லை. வீட்டுக் காவலிலை இருக்கிறவையின்ரை காலிலை காவல் வளையத்தை எப்பிடிப் பூட்டுறது, வீட்டுக்குள்ளை பெட்டியை எங்கை வைக்கிறது, அலாரம் அடிச்சால் ஆருக்கு முதல் அறிவிக்கிறது, உதெல்லாம் பயிற்சியிலை வடிவாச் சொல்லித் தந்திருப்பினம். நான் ஓய்வு எடுத்த வருசத்திலையும் புதுப் பெட்டி ஒண்டு வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழிச்ச ஆள்தான்.

இந்த வேலைக்குப் புதுசா வந்த நீங்கள் ரெண்டு பேரும் கேட்டது வேறை. தமிழ்ச் சனத்தின்ரை வீடுகளுக்குப் போறது எங்களுக்கு லேசாத்தானே இருக்கும், பாஷை தெரியும், பழக்கவழக்கம் தெரியும் எண்டு கேட்டனீங்கள். அண்டைக்கு நான் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன். வீட்டை வந்து யோசிச்சால் சிரிச்சது பிழை. அதுதான் இதை இருந்து எழுதுறன். சென்னையிலை இருந்து வந்த தம்பிக்கு என்ரை யாழ்ப்பாணக் கதை விளங்காட்டில் பக்கத்திலை இருக்கிற பிள்ளையிட்டைக் கேளும், அவ சொல்லுவா.

மறியலுக்கு, அதுதான் சிறைக்கு, போகவேண்டிய ஒராளை, வீட்டிலையே இருந்து தண்டனையை முடி எண்டு நீதவான் விடுறதுக்கு முதல், நன்னடத்தை உத்தியோகத்தர் நாங்கள் அந்த வீட்டைப் போய்ப் பார்க்கவேணும். அங்கை கூட இருக்கிற ஆக்களிட்டைச் சம்மதம் வாங்கவேணும். அவையை ஒவ்வொருத்தராத் தனியாக் கூப்பிட்டு, அவைக்கு விளங்கிற பாஷையிலை, தேவையெண்டால் மொழிபெயர்ப்பாளரை வைச்சுக் கேக்கவேணும். இது விதி. நான் சொல்லப்போறது இந்த விதியை நான் பெரிய கெட்டிக்காரி மாதிரித் தாண்டிப்போன கதை.

ஆள் ஒரு முப்பத்தைஞ்சு வயசுத் தம்பி. குடிச்சுப்போட்டுக் கார் ஓடி, சைக்கிளிலை போன மனுசன் ஒராளை அடிச்சு விழுத்தினவர். அந்த மனுசனுக்குக் கால் முறிஞ்சு போச்சு. தம்பியின்ரை லைசென்சும் போச்சு, சாமான் டெலிவரி செய்த வேலையும் போச்சு. பத்து மாசம் வீட்டுக் காவல். பெண்சாதி ரெண்டு வருசத்துக்கு முதல்தான் ஸ்பொன்சரிலை யாழ்ப்பாணத்திலை இருந்து வந்தவ. பிள்ளையள் இல்லை. காலமை பிரெஞ்சு வகுப்பு, பின்னேரம் ஒரு பேக்கரியிலை பாணைப் பைக்குள்ளை போடுற வேலை எண்டு ஓடித் திரிஞ்ச பிள்ளை. முந்தி மெட்ரோவுக்குக் கிட்ட இருந்தவை. இந்தப் பிரச்சினையோடை இல்-பிசாரிலை, டொரோண்டோவுக்குப் போன சிநேகிதன் ஒருத்தனின்ரை வீட்டுக்கு மாறிச்சினம்.

இல்-பிசார் உங்களுக்குத் தெரியும்தானே, மொன்றியலுக்கு மேற்காலை பாலம் தாண்டிப் போற சின்னத் தீவு. தனித்தனி வீடுகள், றோட்டிலை ஒரு குஞ்சையும் காணக் கிடைக்காது, பஸ் வந்தால் வரும். நல்ல அமைதியான இடம், குடிக்கிற கூட்டாளியள் வந்து போகமாட்டினம், ஆளுக்கு நல்லது எண்டு என்ரை குறிப்பிலை எழுதினன். ஆளுக்கு எண்டுதான் எழுதினன். கூட இருக்கிறவவுக்குக் கார் ஓடத் தெரியுமோ எண்டு நான் கேக்கேல்லை.

ஃபைல் தமிழாக்கள் எண்டு கண்டவுடனை ஒஃபிசிலை என்ரை மேசைக்கு அனுப்பிவிட்டினம். மொழிபெயர்ப்பாளர் வேணுமோ எண்டு கேக்க, எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கேன் மொழிபெயர்ப்பாளர்? தனிய வெளிக்கிட்டுப் போனன்.

போய் இருந்து ரெண்டு நிமிசத்திலை "எந்த ஊர் அக்கா" எண்ட கதை தொடங்கியிட்டுது. பார்த்தால் அந்தப் பிள்ளை என்ரை அம்மாவின்ரை ஊருக்கு அடுத்த ஊர். என்ரை சின்னம்மா படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை படிச்சவ. பேந்தென்ன, நான் உத்தியோகத்தர் இல்லை, அவையின்ரை அக்கா. தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டன். பத்திரத்தை எடுத்து, இவர் இஞ்சை இருந்து தண்டனையை முடிக்கிறதுக்கு உமக்குச் சம்மதம்தானே எண்டு கேட்டன். "தானே"யைச் சேர்த்துக் கேட்டன் பாருங்கோ, அதிலையே பதிலையும் நானே குடுத்திட்டன். அவ வாயைத் திறக்க முதல் தம்பி சொன்னார், அவவுக்கென்ன அக்கா, நான் வீட்டோடை இருந்தால் அவவுக்குச் சந்தோசம்தானே எண்டு. அவ தட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு குசினிக் கதவடியிலை நிண்டா. தலையைக் குனிஞ்சு சிரிச்சா. கையெழுத்தும் வைச்சா.

இதைவிட வெக்கம் கெட்ட கதை இருக்கு. கையெழுத்து வாங்கிறதுக்கு முதல் நான் அவவோடை குசினியிலை தனிய நிண்டனான். பத்து நிமிசம் இருக்கும். புகை அலாரம் அடிக்காமல் இஞ்சை மிளகாய் வறுக்கிறது எப்பிடி எண்டு ரெண்டு பேரும் கதைச்சம். யன்னலைத் திறந்துபோட்டு வறுக்கிறனான் அக்கா, குளிரத்தான் செய்யும் எண்டு சொன்னா. மனுசன் முன்னறையிலை ரீவி பார்த்துக்கொண்டு இருந்தவர். கதவு சாத்தியிருந்தது. கேக்கவேண்டிய கேள்வியைக் கேக்கிறதுக்கு அதைவிட நல்ல இடம் எங்கை கிடைக்கும்?

ஏன் கேக்கேல்லை எண்டு நான் கன வருசம் யோசிச்சிருக்கிறன். மறக்கேல்லை. கேக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கடை பொம்பிளை ஒருத்தியை, அவவின்ரை குசினிக்குள்ளை, அவ போட்ட தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, உம்மடை புருசன் இந்த வீட்டிலை இருக்கிறது உமக்கு விருப்பமோ எண்டு கேக்கிறது மரியாதை இல்லாத வேலை எண்டு எனக்குப் பட்டுது. என்னோடை வேலை செய்த கியூபெக் பெட்டையள் எண்டால் கேட்டிருப்பினம். சின்னம்மாவின்ரை பள்ளிக்கூடம் அவையளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதுதான் பிழைச்சுப்போச்சு.

பேந்து மாசங்கள் போச்சுது. ஃபைல் கண்ணாடி மாதிரிச் சுத்தம். ஒரு மீறல் இல்லை. அவருக்கு வெளியிலை போக விட்டது சனிக்கிழமையிலை ஒம்பதிலை இருந்து பன்னிரண்டு மட்டும், சாமான் வாங்க. பதினொண்டரைக்கே வீட்டிலை நிப்பார். ரெலிபோன் எடுத்தால் முதல் மணியிலை எடுப்பார். ஒஃபிசிலை மற்றவைக்கு உதாரணமாச் சொல்லித் திரிஞ்சன்.

மூண்டாம் மாசம் பார்க்கப் போனபோது ஃபிரிட்ஜ் கதவிலை ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாங்கள் குடுத்த நேர அட்டவணையைப் பார்த்துக் கையாலை எழுதி, பக்கத்திலை இன்னொரு நிரல் கீறியிருந்தினம். அந்த நிரலின்ரை தலையிலை அவவின்ரை பேர். அதிலையும் சனிக்கிழமை ஒம்பதிலை இருந்து பன்னிரண்டு. மற்ற நாளெல்லாம் வெறுமை. இதென்ன தம்பி எண்டு கேட்டன். நான் அடைஞ்சு கிடக்கேக்கை அவ மட்டும் ஊர் சுத்துறது சரியில்லைதானே அக்கா, அதுதான் ரெண்டு பேரும் சேர்ந்து கழிக்கிறம் எண்டு சொன்னார். நான் என்ன செய்தன் தெரியுமோ? மெச்சினன். இந்தக் காலத்திலை இப்பிடி ஒற்றுமையா ஆர் இருக்கினம் எண்டு அவவுக்கு முன்னாலையே சொன்னன். பிரெஞ்சு வகுப்பு என்னமாதிரிப் போகுது எண்டு கேட்டதுக்கு, விட்டிட்டன் அக்கா, குளிர்தானே எண்டா. அதையும் நம்பியிட்டன்.

நாலாம் மாசம் ஒரு நாள் அவ ஒஃபிசுக்கு ரெலிபோன் எடுத்தா. சனிக்கிழமை, எனக்கு முறை நாள். அவர் அங்காலை சாமான் எடுக்கிற நேரம் கடைக்குள்ளை நிண்டு எடுக்கிறா, சனத்தின்ரை சத்தம் கேக்குது. இவர் மிச்சத்தை மறியலிலை போய் இருந்து முடிக்கலாமோ, அப்பிடி ஒரு வழி இருக்கோ எண்டு கேட்டா. நீங்கள் எண்டால் என்ன செய்திருப்பியள்? ஏன் கேக்கிறீர் எண்டு கேட்டிருப்பியள். நான் அக்கா எல்லோ. ஐயோ தங்கச்சி, இன்னும் ஆறு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும், மறியலுக்குப் போனால் சனம் என்ன கதைக்கும், ஊரிலை உம்மடை அம்மா எப்பிடித் தலை நிமிர்த்துவா எண்டு பெரிய புத்தி சொன்னன். ஓம் அக்கா எண்டு சொல்லி வைச்சிட்டா. வாற ரெலிபோன் ஒவ்வொண்டையும் ஃபைலிலை பதியவேணும். அதை நான் பதியேல்லை. குடும்பக் கதையை ஏன் ஃபைலிலை போடுவான் எண்டு நினைச்சன்.

அடுத்த மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு அலாரம் வந்தது. வளையம் வெட்டுப்பட்டிருக்கு. இந்த வேலையிலை அதைவிடப் பெரிய மீறல் இல்லை. ஆள் தப்பி ஓடுறார் எண்டுதான் எல்லாரும் எடுப்பினம். பொலிசுக்கு அறிவிச்சுப்போட்டு நானும் காரை எடுத்துக்கொண்டு ஓடினன். என்ரை தங்கமான ஃபைல் இப்பிடிச் செய்துபோட்டாரே எண்டு பாலம் தாண்டு மட்டும் கோவம்.

போனால் ஆள் ஓடேல்லை. சாரத்தோடை சோஃபாவிலை இருக்கிறார், ரெண்டு பொலிஸ்காரர் முன்னாலை நிக்கினம். தெரிஞ்ச பிரெஞ்சையும் இங்கிலிசையும் குழைச்சு, நான் வெட்டேல்லை, நித்திரையாக் கிடந்தனான், எழும்பிப் பார்க்க வெட்டிக் கிடக்கு எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறார். பொலிஸ்காரர் ஒராள் என்னைப் பார்த்து வாயைக் கோணினார். எத்தினை பேர் உந்தக் கதை சொல்லிக் கேட்டிருப்பார். அவ குசினியிலை கழுவுற தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிண்டா. பக்கத்திலை கோழி வெட்டுற கத்தரிக்கோல், கழுவிக் கவுட்டு வைச்சிருக்கு.

கூட இருக்கிறவவோடை தனியக் கதைக்கவேணும் எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினன். அஞ்சு மாசம் பிந்தி.

"ஆர் தங்கச்சி வெட்டினது?"

"நான்தான் அக்கா. அவர் விடிய விடிய ஃபோன் பார்த்துப்போட்டு அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை. ரெண்டு கையாலையும் அமத்தி வெட்டினன்."

கை வைச்சவரோ எண்டு கேட்டன். முதல் முறையா என்ரை முகத்தை நேரை பார்த்தா. "இல்லை அக்கா. அடிச்சிருந்தால் உங்களுக்குச் சொல்ல லேசா இருந்திருக்கும்."

பேந்து மெல்லமாச் சொல்லத் தொடங்கினா. முதல் மாசமே வகுப்பை நிப்பாட்டினவர், அடுத்ததா பேக்கரி வேலையை. சனிக்கிழமை அவரோடை போய் அவரோடை வரவேணும். ஒரு நாள் அவருக்குத் தடிமன் எண்டு அவவைத் தனிய விட்டவர், பஸ் பிந்தி பன்னிரண்டு பத்துக்குத்தான் வந்து சேர்ந்தாவாம். அண்டு முழுக்க கோட்டும் சப்பாத்தும் கழட்டாமல் கதவடியிலை கதிரையிலை இருக்கச் சொன்னாராம். இருட்டும் மட்டும் இருந்தாவாம். "எங்கை நிண்டனீர், ஆரோடை கதைச்சனீர், ஏன் பிந்தினது எண்டு கேப்பார் அக்கா. ரெலிபோனிலை நீங்கள் அவரைக் கேக்கிற அதே கேள்வியள். அதே ஒழுங்கிலை."

அவவுக்கு அழுகை வரேல்லை. எல்லாம் யோசிச்சு வைச்சிருந்தா. அவர்தான் வெட்டினவர் எண்டு எழுதுங்கோ அக்கா எண்டா. பொலிசும் அப்பிடித்தான் நினைக்குது, நீங்களும் எழுதினால் ஆர் மறுக்கப்போகினம் எண்டா. உண்மைதான். ஆரும் மறுக்கமாட்டினம். நான் ஒரு வரி எழுதினால் ஆள் மறியலுக்குப் போயிடும், அவவின்ரை பேர் எங்கையும் வராது. நான் பதியாமல் விட்ட ரெலிபோனும் வராது, நான் வாங்கின சம்மதத்தின்ரை லட்சணமும் வராது. அந்தப் பொய் எங்கள் ரெண்டு பேரையும் காப்பாத்தும். நான் பேனையைத் திறந்திட்டன் எண்டதை உங்களுக்கு ஒளிக்கமாட்டன்.

என்னைத் தடுத்தது நேர்மை எண்டு நினைச்சுப் பெருமைப்படாதேங்கோ. பயம்தான். அவவுக்கு உதவி செய்யிறன் எண்டு சொல்லிக்கொண்டு எனக்குத்தான் உதவி செய்யப்போறன் எண்டது அந்த நேரம் தெளிவாத் தெரிஞ்சுது. முந்தியும் ரெண்டு தரம் அவவுக்காண்டி எண்டு நினைச்சுத்தானே பிழை விட்டனான். அதோடை, முன்னறையிலை இருந்து கத்திற மனுசன் கூடாத மனுசன்தான், ஆனால் அவர் கத்திறது உண்மை.

பைக்குள்ளை இருந்து சம்மதப் பத்திரத்தை எடுத்து மேசையிலை வைச்சன். "இந்த ஆள் இந்த வீட்டிலை இருக்கிறதுக்கு உமக்குச் சம்மதமோ?" எண்டு கேட்டன். "தானே" போடேல்லை. தங்கச்சி எண்டும் சொல்லேல்லை.

இல்லை எண்டா. ஒரு விநாடியும் எடுக்கேல்லை.

சம்மதத்தை எப்பவும் திருப்பி எடுக்கலாம். அது உங்கடை பயிற்சிப் புத்தகத்திலை ஒரு மூலையிலை இருக்கும், தேடிப் பாருங்கோ. கூட இருக்கிறவ மாட்டன் எண்டால் அந்த விலாசம் செல்லாது. விலாசம் இல்லையெண்டால் ஆள் அண்டைக்கே நீதவானுக்கு முன்னாலை போகவேணும், வளையத்தை ஆர் வெட்டினாலும் சரி. நாலாம் மாசம் கடையிலை இருந்து கேட்ட பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது ஒண்டுதான். சொல்லியிருந்தால் அந்தக் கத்தரிக்கோல் கோழி மட்டும் வெட்டியிருக்கும்.

அவரைக் கொண்டுபோச்சினம். நான் ஒஃபிசுக்கு வந்து எல்லாத்தையும் எழுதினன். அவதான் வெட்டினது, ஏன் வெட்டினது, ரெண்டாவது நிரல், நான் மெச்சினது, நான் பதியாத ரெலிபோன், வடை சாப்பிட்டு வாங்கின கையெழுத்து, எல்லாம். என்ரை மேலதிகாரி என்னைவிடப் பத்து வயசு இளமையான கியூபெக் மனுசி. ரெண்டு தரம் வாசிச்சா. உன்னைப் பற்றின பந்தியளை எடுத்தால் ஆரும் கேக்கமாட்டினம், தெரியுமோ எண்டு கேட்டா. தெரியும் எண்டன். அப்ப இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டு, அண்டு பின்னேரமே எனக்குக் கண்டனக் கடிதத்தையும் அவவே எழுதித் தந்தா. ஒரு வருசம் வீடுகளுக்குப் போகவும் விடேல்லை, முடிஞ்ச ஃபைலுகளின்ரை சாமானை வீடுகளிலை இருந்து எடுக்கிற வேலையைத் தவிர. இண்டைக்கும் அந்த மனுசியிலை எனக்கு மரியாதை.

உண்மையை எழுதினதாலை எல்லாம் நல்லா முடிஞ்சுது எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். அப்பிடி முடியேல்லை. அவரின்ரை வழக்கறிஞர் என்ரை அறிக்கையைக் கோர்ட்டிலை சத்தமா வாசிச்சார். நீதவான் அவரை மறியலுக்குத்தான் அனுப்பினார், வேறை விலாசம் குடுக்க அவருக்கு ஆரும் இருக்கேல்லை. ஆனால் பெண்சாதி வெட்டினவ எண்ட கதை அடுத்த கிழமை கோயிலுக்கு வந்திட்டுது, அதுக்கடுத்த கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போயிட்டுது. அவவைப் பொலிஸ் ரெண்டு தரம் கூப்பிட்டு விசாரிச்சுது. வழக்குப் போடேல்லை, ஆனால் போடமாட்டம் எண்டு சொல்ல எத்தினையோ மாசம் எடுத்தது. தாய் ரெலிபோனை எடுக்கிறதில்லை எண்டு கேள்விப்பட்டன். நான் அந்தப் பொய்யை எழுதியிருந்தால் இதொண்டும் அவவுக்கு வந்திராது. எழுதாதது சரிதான் எண்டு நினைக்கிறன். நிம்மதியா நினைக்கேல்லை.

தீர்ப்பு வந்தது ஆள் போய் ரெண்டு கிழமையாலை. வீட்டிலை கிடந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வர என்னை அனுப்பிச்சினம். பங்குனி மாசம், ஸ்நோ கரைஞ்சு வாசலெல்லாம் ஊத்தைத் தண்ணி. அவ கதவைத் திறந்தா. உள்ளுக்கை வாங்கோ எண்டா, அவ்வளவுதான். நான் வயரைக் கழட்டிப் பெட்டியைப் பைக்குள்ளை வைச்சன். அறிக்கையைப் பற்றி ஏதும் கேப்பா, ஏசுவா எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். ஏசினால் வாங்கிக்கொண்டு போவம் எண்டு இருந்தன்.

"அக்கா, இனி நான் வெளியிலை போகலாமோ?" எண்டு கேட்டா.

எனக்கு விளங்கேல்லை. அவர் போய் ரெண்டு கிழமை எல்லோ, நீர் இவ்வளவு நாளும் போகேல்லையோ எண்டு கேட்டன். பொலிசுக்குக் கூப்பிட்ட நாளிலை அவையே ஏத்தி இறக்கினவையாம். மற்றபடி சனிக்கிழமையிலை மட்டும் போட்டு வந்தனான் அக்கா, ரெண்டு சனிக்கிழமையும் பன்னிரண்டுக்கு முதல் வந்திட்டன் எண்டு சொன்னா. குற்றம் சாட்டுற குரல் இல்லை. கணக்கு ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னா. பெட்டி இருக்கிற வீடுதானே, நீங்கள் வந்து எடுக்கு மட்டும் எப்பிடிப் போறது எண்டு இருந்தாவாம்.

போகலாம் எண்டன். எப்பவும் போகலாம், எந்த நாளும் போகலாம் எண்டன். எத்தினை மணிக்குள்ளை வரவேணும் எண்டு கேட்டா. ஒரு நேரமும் இல்லை, உமக்கு விருப்பமான நேரம் வாரும் எண்டன். பேந்து சொன்னா:

"எழுதித் தாங்கோ அக்கா."

அப்பிடி எழுதிக் குடுக்கிறதுக்கு எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. அவ குற்றம் செய்ததெண்டு ஆரும் அடைச்சு வைச்ச ஆளும் இல்லை. என்ரை குறிப்புக் கொப்பியிலை இருந்து ஒரு தாளைக் கிழிச்சு, இவ எந்த நாளும் எந்த நேரமும் வெளியிலை போகலாம், எந்த நேரமும் திரும்பி வரலாம் எண்டு தமிழிலை எழுதி, கீழை கையெழுத்து வைச்சுக் குடுத்தன். வாங்கி, நிண்டபடி ரெண்டு தரம் வாசிச்சா. திகதி இல்லை அக்கா எண்டு திருப்பித் தந்தா. போட்டுக் குடுத்தன்.